துருவுக்குத் தப்பிய இரும்பு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் "இது விண்கல்லாக இருக்குமோ" என்று அலுமாரிக்குள் பத்திரப்படுத்திய கற்களை எல்லாம் ஓரிடத்தில் கொட்டினால் மூன்று குவியல் சேரும். முதலாவது, நம்முடைய வயலிலும் ஆற்றங்கரையிலும் கிடந்த கறுத்தக் கற்கள். இரண்டாவது, கொல்லன் பட்டறையிலோ ஆலைக் கொதிகலனிலோ உருகி இறுகிய கிட்டம். மூன்றாவது, ஓமானுக்கும் சவூதிக்கும் சாரதியாகவும் வீதி வேலைக்கும் போனவர்கள் வெறும் தரையில் கண்டு, துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தவை. உண்மையான விண்கல் கிடைக்கக்கூடிய குவியல் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

காரணம் அதிர்ஷ்டம் அல்ல, மழை. வானிலிருந்து விழும் கற்கள் நாடு பார்த்து விழுவதில்லை. விழுவதைக் கண்டு எடுத்த கற்களில் நூற்றுக்கு 94 அளவில் கற்பாங்கானவை. அவற்றுள் பெரும்பங்கு கொண்ட்ரைட் எனப்படும் வகை. அதற்குள் உலோக இரும்பு தூவலாகக் கிடக்கும். வாடைக் காற்று மழையும் வயல் சேறும் உள்ள நம் பக்கத்தில் அந்த இரும்பு கெதியில் துருவாகி, கல்லே உதிர்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும். இலங்கையின் பெயரில் பதிவான பழைய விண்கல் 1795 இல் முல்லைத்தீவில் விழுந்தது. விழுந்ததைக் கண்டதால் அது மிஞ்சியது. ஓமானின் ஜித்தத் அல் ஹராசிஸ் போன்ற வெளிர் சுண்ணக்கல் வெளியில் கதை வேறு. அங்கே ஒரு கல் பல ஆயிரம் ஆண்டு கிடக்கும், கறுப்பாக இருப்பதால் வாகனத்தில் போகிறவர் கண்ணுக்கும் படும். ஆனால் பாலைவனமும் துருவை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். பாலைவனக் கல்லை வகைப்படுத்துவதில் வரும் சிக்கல்களில் பாதி இந்தத் துருவினால் வருவது.

முதலில் விண்கல் அல்லாததைக் கழிக்க வேண்டும். கல்லுக்குள் குமிழித் துளை நிறைய இருந்தால் அது கிட்டம் என்று ஒதுக்கலாம். நம் பகுதியின் அடிப்பாறையான நைசின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.7 கிராம் அளவில் நிற்கும். அதை ஊடறுத்து நிற்கும் டொலரைட், அம்பிபொலைட் போன்ற கறுத்தப் பாறைகள் 3.0 ஐ ஒட்டி வரும். இரும்புத் தாதுக்களான மக்னடைட்டும் ஹேமடைட்டும் 5 ஐத் தாண்டும். சாதாரண கொண்ட்ரைட் இவற்றுக்கு இடையில், 3.2 முதல் 3.7 வரை. ஆகவே அடர்த்தி ஒன்றே பல கற்களைக் கழித்துவிடும்.

அதை அளக்க ஆய்வுகூடம் வேண்டாம், நகைக்கடைத் தராசு போதும். தராசில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துப் பூச்சியமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுதாக அமிழ்த்துங்கள். தராசு காட்டும் கிராம், கல்லின் கனவளவு மில்லிலீற்றரில். கல் உலர்வில் 412 கிராம், அமிழ்த்தும்போது தராசு 121 காட்டுகிறது என்றால் அடர்த்தி 3.40. சில விநாடிக்குள் எடுத்துத் துடைத்து மின்விசிறிக்குக் கீழே உலர்த்த வேண்டும். கரையோரக் கிணற்று உவர்த் தண்ணீர் கூடவே கூடாது. குளோரைட்டு உள்ளே போனால் மிச்சமிருக்கும் உலோகத்தை அது விடாமல் தின்னும். வாங்கிய காய்ச்சி வடித்த நீர்தான் பாதுகாப்பு. தண்ணீரே வேண்டாம் என்பவர் குரக்கன் தானியத்தில் புதைத்து இடப்பெயர்ச்சியைப் பார்க்கலாம். ஆய்வுகூடங்கள் இதே உத்தியை நுண்ணிய கண்ணாடி மணிகளில் செய்கின்றன. குரக்கனில் பிழை கூடும், ஆனாலும் 2.7 ஐயும் 3.4 ஐயும் பிரித்தறியப் போதும்.

காந்தம் பற்றி ஓர் எச்சரிக்கை. எல்லோரும் முதலில் செய்வது பலமான நியோடிமியக் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது. அந்த ஒரு தொடுகை, கல் பல நூறு கோடி ஆண்டாகச் சுமந்து வந்த பழங்காந்தப் பதிவை அழித்துவிடும். வடமேற்கு ஆபிரிக்கா 7034 என்ற செவ்வாய்க் கல்லும் அதனோடு சேர்ந்த துண்டுகளும் உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் அளந்து பார்த்த பல துண்டுகளின் பதிவு தேடுபவர்களின் கைக்காந்தத்தால் போய்விட்டது. திசையறி கருவியின் முள்ளருகே கல்லைக் கொண்டுபோனால் முள் விலகும். அதே செய்தி, சேதம் இல்லை. முள் விலகினால் மட்டும் விண்கல் என்று ஆகாது. கிட்டமும் மக்னடைட் உள்ள பாறையும் முள்ளை இழுக்கும். திருக்கோவில் கரையின் கறுத்த மணலில் கூடக் காந்தத்தோடு ஒட்டும் துகள் உண்டு.

அடுத்தது சன்னல் திறப்பது. கல்லின் ஒரு மூலையை நகக்கண் அளவுக்கு சாண்ட் பேப்பரில் தேய்த்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். வெள்ளி நிறத்தில் உலோகப் புள்ளிகள், வெண்கல நிறத்தில் ட்ரொய்லைட் என்ற இரும்புச் சல்பைட்டு, இடையில் ஒரு மில்லிமீற்றரை எட்டாத உருண்டைகள் தெரிந்தால் கதை வலுக்கும். அந்த உருண்டைகள்தான் கொண்ட்ரூல். சூரியக் குடும்பத்தின் தொடக்கத்தில் உருகி உறைந்த துளிகள் அவை, பூமியின் எந்தப் பாறையிலும் இல்லை. ஆங்கிள் கிரைண்டரை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அதன் சூடு வெட்டுமுகத்தில் உலோகத்தையும் சல்பைட்டையும் மாற்றிவிடும்.

2012 டிசம்பரில் பொலன்னறுவையில் கிடைத்த கற்களுக்கு நடந்ததை இங்கே நினைக்கலாம். அவற்றுள் நுண்பாசிச் சுவடு இருப்பதாகப் பெரிய அறிவிப்பு வந்தது. அது விண்கல்தானா என்ற கேள்வி தீர்வதற்கு முன்பே உயிர் பற்றிய வாதம் உலகைச் சுற்றிவிட்டது. ஏற்கப்பட்ட விண்கற்களின் பட்டியலில் அது இன்றுவரை இல்லை. வகைப்படுத்தல் சலிப்பான வேலைதான், ஆனால் அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

இனி அந்த வேலை. பட்டியலில் ஒரு கல்லுக்கு நேரே "எல்6, எஸ்3, டபிள்யூ3" என்று எழுதியிருக்கும். நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கான விடை அது. எந்தத் தாய்க்கோளிலிருந்து வந்தது, அங்கே எவ்வளவு சூடேறியது, எவ்வளவு பலமாக மோதுண்டது, பூமிக்கு வந்தபின் எவ்வளவு துருப்பிடித்தது. முதல் கேள்வியே சிரமமானது.

சாதாரண கொண்ட்ரைட்டுகள் எச், எல், எல்எல் என மூன்று கூட்டம். பெயர் இரும்பின் அளவை வைத்து வந்தது. எச் கூட்டத்தில் மொத்த இரும்பு நிறைப்படி 25 முதல் 31 வீதம், எல் கூட்டத்தில் 20 முதல் 25 வீதம், எல்எல் கூட்டத்தில் 19 முதல் 22 வீதம். இந்த இரும்பு கல்லுக்குள் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒரு பகுதி நிக்கலோடு கலந்த உலோகமாகவும் சல்பைட்டாகவும் கிடக்கிறது. இன்னொரு பகுதி ஒட்சிசனோடு சேர்ந்து ஒலிவீன், பைரொக்சீன் என்ற சிலிக்கேற்றுப் பளிங்குகளுக்குள் மகனீசியத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மொத்த இரும்பு கூடிய எச் கூட்டத்தில் பளிங்குக்குள் இருக்கும் இரும்பு குறைவு. அதன் இரும்பில் பெரும்பகுதி உலோகமாகவே நின்றுவிட்டது. எல்எல் கூட்டத்தில் உலோகம் மூன்று வீதத்தைத் தாண்டாது, பளிங்குக்குள் இரும்பு நிறைய. ஒரு கணக்கில் ஏறினால் மற்றக் கணக்கில் இறங்கும்.

நேற்று விழுந்த கல்லென்றால் உலோகத்தின் அளவைப் பார்த்தே கூட்டத்தைச் சொல்லிவிடலாம். எச் என்றால் உலோகம் 15 முதல் 19 வீதம், எல் என்றால் 4 முதல் 9. பாலைவனக் கல்லில் இந்த வழி அடைபட்டுப் போகிறது. துருவின் அளவுகோலில் டபிள்யூ3 நிலைக் கல்லில் உலோகத்தின் 60 முதல் 95 வீதம் துருவாகியிருக்கும். எச் கல் எல் போலவும், எல் கல் எல்எல் போலவும் வேடம் போடும். சிறுகருவியால் அளக்கும் காந்த ஏற்புத்திறனுக்கும் இதே கதிதான். புதிய கல்லில் மூன்று கூட்டத்தையும் அழகாகப் பிரிக்கும் அந்த அளவு, துருவோடு சேர்ந்து இறங்கிவிடும். ஆனால் துரு முதலில் தின்பது உலோகத்தை. பளிங்குக்குள் பூட்டியிருக்கும் இரும்பை அது நெடுங்காலம் தொடுவதில்லை. டபிள்யூ5 வரும்வரை ஒலிவீன் பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆகவே கல்லில் எவ்வளவு இரும்பு இருந்தது என்று தேடாமல், ஒலிவீனுக்குள் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அளக்கிறார்கள்.

அதற்கு மெல்லிய சீவல் வேண்டும். கல்லிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு துண்டை, மெதுவாகச் சுழலும் வைர வாளால், தண்ணீருக்குப் பதில் மதுசாரம் ஊற்றி வெட்ட வேண்டும். துருவேறிய துண்டு மெருகேற்றும்போது உதிரும். அதனால் வெற்றிடத்தில் எப்பொக்சிப் பசையை ஊறவைத்து, முழுதாக இறுகவிட்ட பிறகே கண்ணாடியில் ஒட்டுவார்கள். பிறகு 30 மைக்ரோன் தடிப்புக்குத் தேய்த்து இறக்கி, ஒரு மைக்ரோன், கால் மைக்ரோன் வைரப் பசையில் மெருகேற்ற வேண்டும். மேலே மூடுகண்ணாடி ஒட்டக் கூடாது. ஒட்டினால் பிறகு அளக்கப் பாய்ச்சும் இலத்திரன் கற்றை கல்லைத் தொடாது. இந்த ஒரு தவறால் சீவல் வீணாகி மறுபடி வெட்டுவது அடிக்கடி நடக்கிறது. துண்டை எங்கிருந்து வெட்டுவது என்பதும் முக்கியம். வெளி ஓரத்தில் வெட்டினால் துரு கூடத் தெரியும், நடுவில் வெட்டினால் குறையத் தெரியும். விளிம்பு முதல் உள் வரை ஒரே சீவலில் வருமாறு குறுக்காக வெட்டுவதே நல்லது.

கரிப் படலம் பூசிய சீவலை, இலத்திரன் கற்றையால் மூலகங்களை அளக்கும் இலத்திரன் நுண்பகுப்பானுக்குள் வைக்கிறார்கள். வழமையான அமைப்பு 15 கிலோவோல்ற், 20 நானோஅம்பியர். ஒப்பிட்டுப் பார்க்கும் நியமமாக அரிசோனாவின் சான் கார்லோஸ் ஒலிவீன் பரவலாகப் பயன்படுகிறது. ஒரே கொண்ட்ரூலுக்குள் சுற்றாமல், சீவலெங்கும் பரந்து இருபது ஒலிவீன் மணிகளாவது அளக்க வேண்டும். ஒரு புள்ளியில் சிலிக்கா 38.5, இரும்பு ஒட்சைட்டு 22.5, மகனீசியம் ஒட்சைட்டு 38.8, மங்கனீசு ஒட்சைட்டு 0.45 வீதம் வந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 100.25, நல்ல அளவீடு. இரும்பு ஒட்சைட்டை அதன் மூல் நிறை 71.85 ஆல் பிரித்தால் 0.313. மகனீசியம் ஒட்சைட்டை 40.30 ஆல் பிரித்தால் 0.963. இரண்டும் சேர்ந்ததில் இரும்பின் பங்கு 24.5 வீதம். இதைத்தான் ஃபயலைட் வீதம் என்கிறார்கள். எச் கூட்டத்துக்கு இது 16 முதல் 20, எல் கூட்டத்துக்கு 22 முதல் 26, எல்எல் கூட்டத்துக்கு 27 முதல் 32. நம் கல் எல்.

அங்கேயே நிறுத்தக் கூடாது. இரும்பும் மகனீசியமும் மங்கனீசும் சேர்ந்த மூல் எண்ணிக்கை சிலிக்கனின் இரண்டு மடங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒலிவீனின் சூத்திரம் அதைத்தான் கேட்கிறது. மேலே உள்ள எண்களில் 2.00 வருகிறது. கூட்டுத்தொகை 97 இல் நின்று இரும்பு மட்டும் ஏறியிருந்தால், கற்றை பளிங்கின் வெடிப்புக்குள் புகுந்த துரு இழையில் விழுந்திருக்கிறது என்று பொருள். பாலைவனக் கல்லில் இது சாதாரணம். அந்தப் புள்ளியைத் தூக்கி எறிய வேண்டும், சராசரிக்குள் சேர்த்து எல்எல் என்று எழுதிவிடக் கூடாது. பைரொக்சீனும் சாட்சி சொல்ல வேண்டும். எல் கூட்டமென்றால் கல்சியம் குறைந்த பைரொக்சீனில் இரும்பின் பங்கு 19 முதல் 22 வீதம். இரும்புக்கும் மங்கனீசுக்கும் உள்ள விகிதமும் உதவும். மேலே உள்ள புள்ளியில் அது 49 அளவில் வருகிறது. கொண்ட்ரூல் இல்லாத கற்களில், அதாவது வெஸ்டா என்ற சிறுகோள், செவ்வாய், சந்திரன் ஆகியவற்றிலிருந்து வந்த எரிமலைப் பாறைகளில், தாய்க்கோளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த விகிதமும் ஒட்சிசன் சமதானிகளும் (நிறை வேறுபட்ட ஒட்சிசன் அணுக்கள்) தான். அப்படிப்பட்ட கல் கண்ணுக்கு நம் டொலரைட் போலவே இருக்கும். அலுமாரியில் அது கிடந்தாலும் பார்த்து அறிய வழியில்லை.

இந்த அழகான முறை ஒரு இடத்தில் தோற்கும். எல்6 இல் 6 நிற்கும் இடத்தில் எண் 3 உள்ள கல்லில் ஒவ்வொரு ஒலிவீன் மணியும் ஒவ்வொரு அளவு இரும்பு காட்டும். அந்தக் கல் சூடேறிச் சமநிலைக்கு வரவில்லை, மணிகளுக்கிடையே இரும்பு பரவிக்கொள்ள அவகாசம் இருக்கவில்லை. சராசரி விலகல் 5 வீதத்துக்கு மேல் போனால் எண் 3, அப்போது ஃபயலைட் வீதத்தை வைத்துக் கூட்டம் சொல்ல முடியாது. கொண்ட்ரூலின் பருமன், எஞ்சிய உலோகத்தில் உள்ள கோபால்ற்றின் அளவு, ஒட்சிசன் சமதானி என்று வேறு வழி தேட வேண்டும்.

எண்ணைப் பற்றிய ஒரு தப்பெண்ணம் பரவலாக உண்டு. ஆறு மூன்றைவிட உயர்ந்தது என்று நினைக்கிறார்கள். 1967 இல் வான் ஷ்முஸும் வுட்டும் தந்த இந்த அளவுகோல் தரத்தைச் சொல்வதில்லை, 3 இலிருந்து 6 வரை தாய்க்கோளின் உள்ளே கல் பட்ட சூட்டைச் சொல்கிறது. மூன்றில் கொண்ட்ரூலின் விளிம்பு கூர்மையாக நிற்கும், இடையில் கண்ணாடிப் பொருள் இருக்கும். நான்கில் ஒலிவீன் ஒரே சீராகிவிடும். ஐந்தில் விளிம்பு மங்கும், பெல்ஸ்பார் என்ற கனியத்தின் மணிகள் 50 மைக்ரோனுக்குள் தெரியும். ஆறில் பெல்ஸ்பார் 50 மைக்ரோனைத் தாண்டும், கொண்ட்ரூலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆய்வாளருக்கு விருப்பமானது மூன்றுதான். எச்5, எல்6 போன்றவை தாராளமாகக் கிடைப்பவை. கோடி ரூபாய்க் கனவோடு வருபவருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மோதலின் அளவான எஸ்1 முதல் எஸ்6 வரையை முனைவாக்கிய ஒளி நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். 1991 இல் ஷ்டோஃப்லரும் கைலும் ஸ்கொட்டும் வகுத்தது. மேடையைச் சுழற்றும்போது ஒலிவீன் மணி முழுவதும் ஒரே கணத்தில் இருண்டால் எஸ்1. அலை போல இருண்டால் எஸ்2. மணிக்குள் இணைகோடாக வெடிப்புகள் நின்றால் எஸ்3. மணி சிறு சிறு கட்டமாக உடைந்து தெரியத் தொடங்கினால் எஸ்4. பெல்ஸ்பார் கண்ணாடி போலாகிச் சுழற்றினாலும் இருண்டே கிடந்தால் எஸ்5. ஒலிவீன் ரிங்வுடைட் என்ற வேறு கனியமாக மாறியிருந்தால் எஸ்6. ஏறத்தாழக் கால்பங்கு மணிகளாவது காட்டும் உயர்ந்த நிலையையே எழுத வேண்டும். உருகிய கறுப்பு நரம்பொன்றின் ஓரத்தில் மட்டும் தெரியும் கடும் அடையாளத்தை முழுக் கல்லின் மேலும் ஏற்றுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

துருவின் அளவுகோல் 1993 இல் வ்லொட்ஸ்கா தந்தது. தெறிப்பு ஒளியில் உலோகமும் ட்ரொய்லைட்டும் எவ்வளவு சாம்பல் நிறத் துருவாகியுள்ளன என்று மதிப்பிடுவது. ஓரத்தில் மட்டும் என்றால் 1, 20 முதல் 60 வீதம் வரை 2, 60 முதல் 95 வரை 3, அதற்கு மேல் 4. சிலிக்கேற்றும் சிதையத் தொடங்கினால் 5, பெருமளவு சிதைந்தால் 6. டபிள்யூ கூடியிருந்தால் கல் விழுந்து அதிக காலம் ஆகியிருக்கும் என்று நேராகச் சொல்ல முடியாது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய மண்ணில் கிடந்ததும் மேட்டில் கிடந்ததும் ஒரே காலத்தில் வேறு வேறு நிலைக்கு வரும். காலத்தை அறிய காபன் 14 அளக்க வேண்டும். ஓமான் கற்களில் மண்ணிலிருந்து ஏறிய ஸ்ட்ரொன்சியமும் பேரியமும் கூடி நிற்கும். கல் அந்த மண்ணில் நெடுநாள் கிடந்ததற்கு அதுவும் சாட்சி.

பெயர் கிடைக்க இந்த எண்கள் மட்டும் போதா. விண்கற்களின் பெயரை ஏற்பது மீற்றியொரிட்டிக்கல் சொசைட்டியின் பெயரிடற் குழு. கல்லில் 20 கிராம் அல்லது 20 வீதம், எது குறைவோ அதை, ஏற்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் சேகரிப்புக்குக் கொடுத்துவிட வேண்டும். நம் 412 கிராம் கல்லுக்கு 20 கிராம் போதும், 60 கிராம் கல்லென்றால் 12 கிராம். பெயர் இடத்திலிருந்து வருகிறது. தோஃபார் 025, சய்ஹ் அல் உஹைமிர் 169 என்பவை இடமும் வரிசை எண்ணும். அந்த இரண்டும் சந்திரக் கற்கள். ஜித்தத் அல் ஹராசிஸ் 073 என்ற எல்6 கல் ஏறத்தாழ 19 கிலோமீற்றர் நீளத்துக்குச் சிதறி, ஆயிரக்கணக்கான துண்டுகளாக, 500 கிலோவுக்கு மேல் கிடைத்தது. உங்கள் கையில் இருப்பது புதிய கல்லா, அதன் இன்னொரு துண்டா? கண்டெடுத்த புள்ளி தெரியாவிட்டால் நுண்பகுப்பானும் இதைச் சொல்லாது. ஆய்வுகூடம் எல்லாவற்றையும் அளக்கும். இடத்தை மட்டும் கண்டெடுத்தவர்தான் சொல்ல முடியும். கைப்பேசியில் இடக்குறிப்பை இயக்கி, கல்லை அசைக்க முன் பக்கத்தில் ஒரு பேனையை வைத்து எடுத்த ஒரு படம், இந்தக் கட்டுரையில் உள்ள எந்தக் கருவியையும்விட விலை கூடியது.

ஆனால் படத்தை எடுத்தபின் கல்லை எடுத்து வரலாமா என்பது வேறு கேள்வி. ஓமானில் விண்கல் நாட்டின் மரபுச் சொத்து, அனுமதியின்றி வெளியே கொண்டுபோவது சட்டவிரோதம். வேலைக்குப் போனவர் அந்தப் பிணக்கில் மாட்டினால் போவது கல் மட்டுமல்ல, விசாவும்தான். படத்தையும் இடக்குறிப்பையும் அங்குள்ள அதிகாரிகளிடம் கொடுப்பதே நேர்வழி.

ஏற்கெனவே இங்கே வந்து கிடப்பவற்றைப் பொறுத்தவரை, அவற்றின் எதிரி இப்போது நம் கடல்காற்று. கல்முனையிலும் காத்தான்குடியிலும் திறந்த தட்டில் வைத்த கல் பாலைவனத்தில் இருந்ததைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். பழுப்பு நிற வியர்வைத் துளிகள் வெட்டுமுகத்தில் அரும்பினால் குளோரைட்டு வேலை செய்கிறது என்று அறியலாம். எண்ணெய் பூசுவதும் வார்னிஷ் அடிப்பதும் ஆய்வுக்குக் கேடு. கையுறையோடு எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, பைகளை மழைக்காலத்தில் மாதமொரு முறை மாற்ற வேண்டும். வந்த திகதியையும் எழுதி உள்ளே போட்டுவிடுங்கள். சீவலில் தெரியும் துருவில் ஜித்தத் அல் ஹராசிஸின் ஆயிரம் ஆண்டு எது, கல்முனை அலுமாரியின் பத்து ஆண்டு எது என்று பிறகு ஒருவராலும் பிரிக்க முடியாது.